நாலாவது ஆள்

செங்கோட்டுவேல் அந்தக் கல்லுக்கு சீட் பெல்ட் மாட்டியபோது பூர்விகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்ண்ணா, வழியில அதுக்கும் ஒரு டீ சொல்லோணுங்களா?"

"சிரிங்க அம்மிணி, நல்லாச் சிரிங்க. மூணு பேராப் பொறப்பட்டா போன காரியம் உருப்படாது. எங்கப்பன் போர் போடற ரிக்கு வண்டியோட ராஜஸ்தான் போனப்பவும் நாலாவதா ஒரு கல்ல வெச்சுட்டுத்தான் போவாரு."

"எங்கூட்லயும் வெப்பாங்க. ஜோப்புல, பொடிக்கல்லா. உரிச்ச தேங்காயாட்டம் ஒண்ணையா தூக்கிட்டு வருவாங்க?"

"பொடிக்கல்ல ஆளுன்னு சாமி ஒத்துக்கோணுமல்லோ? ஆளுன்னா ஆளாட்டம் உக்காரோணும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குணசீலன் திரும்பிப் பார்த்தான். "மச்சான், அந்த ஆளு ரொம்பச் சாது. உங்களவிடத் தேவல" என்றான்.

மூவரும் திருச்செங்கோட்டுக் கம்பெனி ஆட்கள். ஊர் ஊராகத் தண்ணீருக்கு ஆழ்துளை போட்டு பூமியைச் சல்லடையாக்கிய பிறகு, லடாக்கின் உச்சிக்குச் சூட்டுக்காகத் துளை போட வந்தவர்கள். பூமிக்குள் ஆழமாகப் போனால் சூடு கிடைக்கும். அதைக் குழாயில் மேலே கொண்டுவந்தால் ஒரு கிராமமே விறகில்லாமல் குளிர்காலத்தைத் தள்ளிவிடலாம். துளை போடுவது செங்கோட்டுவேலின் வேலை. அவர் தங்கை புருஷன் குணசீலன் வண்டியும் கம்ப்ரஸரும் பார்த்துக்கொள்வான். பெருந்துறைக்காரி பூர்விகா, ஆழத்துச் சூட்டை அளக்கும் கருவிகளுக்குப் பொறுப்பு. பனி இறுகுவதற்குள் ரிக்கை மேலேயே மூடிக் கட்டிவிட்டு, மின்சார ஜீப்பில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம்ரி கணவாய் வளைவில் மேலிருந்து பனி சரிந்தது. அப்படியொன்றும் பெரிய சரிவில்லை. ஆனால் ஒரு ஜீப்பை அலாக்காகத் தூக்கிச் சாலையோரப் பள்ளத்தில் உட்கார வைக்க அது போதும். குணசீலனின் தொடை கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் மாட்டி முறிந்தது. பேட்டரி செத்தது. கல்லுக்கு ஒரு கீறல் கிடையாது, பெல்ட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

குணசீலனைப் பின்சீட்டுக்கு இழுத்துப் படுக்கப்போட்டு, இருந்த கம்பளியையெல்லாம் சுற்றி, மூவரும் மணிக்கட்டில் இருந்த அபாயப் பட்டையை அழுத்தினார்கள். குளிர்காலத்தில் இந்தப் பட்டை இல்லாமல் எவரையும் சோதனைச்சாவடி தாண்ட விடமாட்டார்கள். வண்டிக்கு ஒன்று உபரியாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் அது பதிவாகிவிட்டது.

செங்கோட்டுவேலுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மனுஷனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்டெப்னி டயரைக் கழற்றி உருட்டிப்போய்ச் சாலையில் வைத்துக் கொளுத்தினார். கரும்புகை எழுந்தது, எழுந்த வேகத்திலேயே காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பூர்விகாவின் சிவப்புத் துப்பட்டாவை ஒரு கம்பியில் கட்டி வண்டிமேல் நட்டார். விசில் ஊதினார். தொண்டை வறளக் கத்தினார்.

"உள்ள வாங்கண்ணா. அதையெல்லாம் இப்ப ஆரும் பாக்கறதில்ல."

"பொகையக்கூடவா பாக்க மாட்டாங்க? கீழ மீட்பு முகாம்ல ஆளுக இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க. பட்டை வந்தப்பொறவு மலையப் பாக்கற வேலைய உட்டுட்டாங்க. பட்டை சொன்னாத்தான் தும்பி கிளம்பும்."

தும்பி என்பது ஓட்டுநர் இல்லாமல் பறக்கும் மீட்பு விமானம். அதை யாரிடம் எப்போது அனுப்புவது என்று முடிவு செய்வது மீட்பு வலை எனும் இயந்திரம். மலையில் வேலை பார்க்கிறவர்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் தாங்குவார்கள், எவ்வளவு தூரம், இவ்வளவையும் கூட்டிப் பெருக்கி அது ஒரு முடிவு சொல்லும். அதனிடம் அழுது பயனில்லை, சிபாரிசும் செல்லாது. ஆரம்பத்தில் எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். மந்திரி மகனும் மாடு மேய்க்கிறவனும் ஒன்று என்று சொன்ன முதல் அதிகாரி அதுதான்.

பூர்விகா பட்டையோடு இணைந்த கைத்திரையைப் பார்த்தாள். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், திரையில் எல்லாம் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

"என்னவாமா?" என்றார் செங்கோட்டுவேல்.

"காத்து பலமா அடிக்குது. முகாம்ல ஒரே ஒரு தும்பிதான் இருக்குது. எதுத்த மலையிலயும் ரோட்டு வேலைக்காரங்க மூணு பேரு மாட்டியிருக்காங்க. அவங்களும் மூணு, நாமளும் மூணு."

"அப்ப?"

"அவங்கள்ல ஆருக்கும் அடியில்ல. பொழைக்க வாய்ப்பு அவங்களுக்குத்தான் அதிகமுன்னு கணக்குப் போட்டிருச்சு. தும்பி அங்க கிளம்பிருச்சுங்ண்ணா."

செங்கோட்டுவேல் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கால் ஒடைஞ்சவனத்தான மொதல்ல தூக்கோணும்?" என்றார். அது கேள்வியே இல்லை.

குணசீலன் அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். இப்போது நடுக்கம் நின்றிருந்தது. "குளிரு உட்டுருச்சு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தான். பூர்விகாவுக்கு அதன் அர்த்தம் தெரியும். உடம்பு நடுங்கும்வரை சண்டை போடுகிறது என்று பொருள். நடுக்கம் நின்றால் அது சண்டையை விட்டுவிட்டது. வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறந்தாள், மூடினாள். திரையைப் பார்த்தாள். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தாள். டாஷ்போர்டுக்குள் கிடந்த உபரிப் பட்டையை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அண்ணா, நாம நாலு பேருன்னு சொல்லீட்டா?"

"எப்படி? நாலாவது ஆளு எங்க..." என்று தொடங்கியவர், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இந்தக் குளிர்ல பட்டைக்கு நாடி சரியாப் பிடிபடாது. உடம்புச் சூட்டத்தான் பாக்கும். ரெண்டு பட்டையை ஒருத்தரே கட்டுனாக் கண்டுபிடிச்சுரும். ஆனா தனியா ஒரு எடத்துல சூடு இருந்துச்சுன்னா, அது ஆளுதான்."

"அம்மிணி, அங்கயும் மூணு உசுரு இருக்குதே."

"அவங்களுக்கு அடுப்பு இருக்குது. தார் காய்ச்சற அடுப்பு. குறிப்புல போட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்குவாங்க. குணாண்ணன் தாங்குவாரா, சொல்லுங்க?"

தன் கண்ணெதிரே ஒருவன் செத்துக்கொண்டிருக்கும்போது எதிர்மலையில் இருப்பவர்கள் வெறும் எண்ணாகத்தான் தெரிவார்கள். பூர்விகாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

செங்கோட்டுவேல் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு கல்லின் பெல்ட்டைக் கழற்றினார்.

அவர்களிடம் டீ போடும் சின்ன கேஸ் அடுப்பு இருந்தது. அதில்தான் தண்ணீர் சுடவைத்துப் பாட்டிலில் ஊற்றி குணசீலனின் அக்குளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே அடுப்பில் கல் ஏறியது. கை பொறுக்கும் அளவு சூடானதும் கம்பளியில் சுற்றி, மேலே பட்டையைக் கட்டி, முன்சீட்டில் வைத்தார்கள். பட்டை உயிர்பெற்று, பெயர் கேட்டது.

"பேரு கேக்குதுங்ண்ணா."

"வழித்துணைக்கு வந்தது. தொணைன்னே சொல்லுங்க."

துணை என்று பதிவானது. கல் ஆறியது, மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். மறுபடி ஆறியது. கல்லைச் சூடாக்கும் நேரத்தில் குணசீலனுக்குத் தண்ணீர் சுடவில்லை, தண்ணீர் சுடும் நேரத்தில் கல் ஆறியது. கேஸோ தீர்ந்துகொண்டே வந்தது. செங்கோட்டுவேல் சூடு பட்டுக் கொப்பளித்த விரல்களை ஊதிக்கொண்டே மாற்றி மாற்றி வைத்தார். 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்று சும்மாவா சொன்னார்கள்?

திடீரென்று பூர்விகா "ஐயோ" என்றாள்.

திரையில் புது வரி வந்திருந்தது. நான்காவது நபரின் சூடு விரைவாகக் குறைகிறது, யாரோ மார்போடு அணைத்ததும் கூடுகிறது, மறுபடி குறைகிறது. உடல் சிறியது. நான்காவது நபர்: கைக்குழந்தை.

"கொழந்தைங்கிறதுங்ண்ணா. கல்லக் கொழந்தைங்கிறது."

"இல்லைன்னு சொல்லீருங்க அம்மிணி. அது பாவம். பெரும் பாவம்."

திரையின் ஓரத்தில் 'தவறு' என்றொரு பொத்தான் இருந்தது. அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது: புறப்பட்ட விமானத்தைத் திருப்ப, எதிர்க் குழுவின் சம்மதம் வேண்டும். குழந்தை இருப்பதை அவர்களிடம் தெரிவித்துக் கேட்கிறோம். காத்திருக்கவும்.

குணசீலன் கண்மூடிக் கிடந்தான். யாரிடமோ வெண்டைக்காய் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். செங்கோட்டுவேல் அவன் கன்னத்தில் தட்டி, "மாப்ள, மாப்ள, என்றகிட்டப் பேசு. தூங்காத" என்று கெஞ்சினார். பூர்விகாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தவில்லை. 'மாட்டேன்னு சொல்லுங்கடா' என்று ஒரு மனம் கும்பிட்டது. 'சரின்னு சொல்லுங்கடா' என்று இன்னொரு மனம் அதைவிடப் பலமாகக் கும்பிட்டது.

பதில் வர அதிக நேரமாகவில்லை. எதிர்க் குழு தங்கள் முறையை விட்டுத்தந்தது.

தும்பி வந்தது. இறங்கிய வேகத்தில் வாய் திறந்து ஒரு பலகையை நீட்டியது; இருவரும் குணசீலனைத் தூக்கி அதில் கிடத்தியதும் உள்ளே இழுத்துக்கொண்டது. பூர்விகா ஏறினாள், செங்கோட்டுவேல் ஏறினார். கதவு மூடவில்லை.

"ஒருவர் ஏறவில்லை" என்றது தும்பி. "குழந்தையைக் கொண்டுவரவும்."

செங்கோட்டுவேல் இறங்கி ஓடினார். கம்பளிச் சுற்றலை மார்போடு அணைத்துக்கொண்டு, விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார். கதவு மூடியது. வழி நெடுக அவர் அதைக் கீழே வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

முகாமில் முதலில் ஓடிவந்தது டோல்மா என்கிற நர்ஸ். அந்த ஊர்ப் பெண். குணசீலனை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, செங்கோட்டுவேலின் முன்னால் இரண்டு கையையும் நீட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் மேசையில் ஒரு பால்புட்டி, ஒரு குட்டிக் குல்லா, ஹீட்டர் பக்கத்தில் சூடாக்கி மடித்து வைத்த துணி எல்லாம் இருந்தன. அவள் பேசியதை அவள் சட்டைக் கழுத்தில் இருந்த கருவி தமிழில் சொன்னது.

"குழந்தையைக் கொடுங்கள். முகத்தை மூடாதீர்கள்."

செங்கோட்டுவேல் பின்வாங்கினார். டோல்மா கிட்டே வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியதுமே கனம் சொல்லிவிட்டது. துணியை விலக்கிப் பார்த்தாள். மேசையில் பால்புட்டியின் பக்கத்தில் கல்லை வைத்தாள்.

"உங்கள் ஆள் பிழைத்துவிடுவார்" என்றாள். "கால் கொஞ்ச நாள் ஆகும்."

"எங்க ஊர்ல மூணு பேராப் போக மாட்டோமுங்க..." என்று செங்கோட்டுவேல் தொடங்கினார். மேலே சொல்ல முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பூர்விகா சுவரில் இருந்த பெரிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்மலையில் ஒரு புள்ளி, பக்கத்தில் மூன்று என்ற எண்.

"அவங்களக் கூட்டிட்டு வர எப்பப் போகும்?"

"காற்று, பறக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. இனி காற்று தணிந்தால்தான் போகும்."

"எங்களுக்கு மட்டும் வந்துச்சே?"

"குழந்தை இருந்தால் எல்லை வேறு" என்றாள் டோல்மா.

"அவங்ககிட்ட அடுப்பு இருக்குதல்ல? தாங்குவாங்கல்ல?"

"அடுப்பு இருக்கிறது. அவர்கள் இருக்கும் கொட்டகைக்குக் கூரை இல்லை. பனி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உங்களுக்கு விட்டுத்தந்தபோதே அது அவர்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. எதிர்மலையிலிருந்து ஓர் ஆண் குரல், இந்தியில், பற்கள் கிட்டிக்கொண்டு தடுக்கித் தடுக்கிப் பேசியது. கருவி அதை ஒரு நடுக்கமும் இல்லாமல் தமிழாக்கியது.

"நான் ரகுவீர். குழந்தை வந்து சேர்ந்ததா? குழந்தை நலமா?"

டோல்மா பூர்விகாவைப் பார்த்தாள். மைக்கை எடுத்து அவளிடமே நீட்டினாள். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் தந்திருக்க முடியாது.

நலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூவரும் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய நினைப்போடு குளிரில் கிடப்பார்கள். பொய் ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை, கொஞ்ச நேரம் முன்புதான் பழகியிருந்தாள். பொய்ச் சைகை கொடுத்தவர்களுக்கு ஆயுசுக்கும் பட்டை கிடையாது என்பதும் தெரியும். பட்டை இல்லாவிட்டால் மலை இல்லை, வேலை இல்லை. அந்த அலைவரிசையில் பேசினால் மலையில் பட்டை கட்டிய எல்லோருக்கும் கேட்கும் என்பதும் தெரியும்.

"கொழந்தை இல்லீங்க" என்றாள். "அது கல்லு. சூடு பண்ணுன கல்லு. நாந்தான் பண்ணுனேன். இப்ப நாஞ் சொல்றத மட்டும் கேளுங்க. உங்க வண்டியில உபரிப் பட்டை இருக்குதல்ல?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

"தலையளவு கல்லு ஒண்ணு எடுங்க. ஆத்துக்கல்லு வேண்டாம், ஈரம் இருந்தா வெடிச்சுரும். காஞ்ச கல்லாப் பாருங்க. தார் அடுப்புல வெச்சு, கை பொறுக்கற சூட்டுல துணி சுத்திப் பட்டையக் கட்டுங்க. ஆற ஆறச் சூடு பண்ணோணும். கொழந்தைன்னு அதுவே சொல்லும். தும்பி வந்துரும். எம்மேல இருக்கிற கோவத்த அப்புறமா வெச்சுக்கங்க, மொதல்ல கல்லத் தேடுங்க."

கருவி எல்லாவற்றையும் இந்தியில் சொல்லி முடித்தது. கொஞ்சநேரம் கழித்து அந்தக் குரல், "கல்லா?" என்று மட்டும் கேட்டது. பிறகு துண்டித்துக்கொண்டது.

செங்கோட்டுவேல் எழுந்து வந்து பூர்விகாவின் பக்கத்தில் நின்றார். வரைபடத்தில் மூன்று என்ற எண் மூன்றாகவே இருந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறார்களா, கைவிரல் மரத்துப்போய்க் கல்லைத் தூக்க முடியவில்லையா என்று அவள் தவித்தாள். அங்கும் இங்கும் நடந்தாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள்.

மூன்று நான்கானது. சற்றுப் பொறுத்து அதன் கீழே எழுத்து வந்தது: அதில் ஒன்று கைக்குழந்தை.

வெளியே தும்பியின் இறக்கைகள் சுழலத் தொடங்கின. செங்கோட்டுவேல் சத்தம் போட்டு அழுதார். தும்பி எழும்பிப் பனிக்குள் மறைந்தது.

டோல்மா மட்டும் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாளையிலிருந்து இந்த மலைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கல்லோடு வருவார்கள்" என்றாள்.

"தெரியுமுங்க" என்றாள் பூர்விகா.

நாளை வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. வரைபடத்தின் வடக்கு மூலையில், இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு புதுப் புள்ளி துடித்தது. இரண்டு பேர். அதில் ஒன்று கைக்குழந்தை. கணக்குப்பிள்ளை தன் கணக்கைத் தொடங்கிவிட்டது. முன்னால் பதிவான குழுவில் நான்கு பேர், இங்கே இருவர், ஆனால் இந்தக் குழந்தையின் சூடு அந்தக் குழந்தையைவிடக் குறைவு. தும்பி புறப்பட்டுவிட்டதால் முன்குழுவின் சம்மதம் கேட்கிறோம். காத்திருக்கவும்.

பூர்விகா அந்தப் புள்ளியின் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சூடு மெல்லக் குறைந்தது, பிறகு கூடியது, மறுபடி குறைந்தது. கல்லும் அப்படித்தான் ஆறும், கைக்குழந்தையும் அப்படித்தான். டோல்மாவின் கை, தான் அறியாமலே, பால்புட்டியை எடுத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தது.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"சகோதரி, நான் ரகுவீர். எங்களிடம் மறுபடி சம்மதம் கேட்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள். அது குழந்தையா, கல்லா?"